திறக்குமுன்

திருத்துறைப்பூண்டி உட்கோட்ட அலுவலகத்தில்
இரவு பத்தேகாலுக்கு நின்றுபோனது என் நிரல்.
பிழை என்று ஒரு வரி இல்லை,
சிவப்பெழுத்து இல்லை.
கர்சர் மட்டும் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு.

நாற்பத்தோரு வாய்க்கால், நாற்பத்தோரு ஃபைல்.
ஒவ்வொன்றாய்த் திற, கடைசி வரியைப் படி,
நீர்மட்டத்தை எடு, மூடு, அடுத்ததற்குப் போ.
காலையில் ஆட்சியர் கூட்டத்துக்கு
'கடைமடை வரை' என்று முடிகிற ஓர் அட்டவணை வேண்டும்.

முப்பத்தெட்டு வரை மடமடவென்று போனது.
முப்பத்தொன்பதில் நின்றது.

டீ வாங்கப் போனேன். கடை பூட்டியிருந்தது.
திரும்பி வந்தேன். அப்படியேதான் நின்றது.

பெயரைப் பார்த்தேன்.
மற்றவை போலவே எண், மற்றவை போலவே
புள்ளி வைத்து டிஎக்ஸ்டி.
பெயரை நம்பித்தான் திறந்திருக்கிறேன்.
இந்த ஊர்ப்பக்கம் அரிச்சந்திரா என்றே ஒரு நதி உண்டு,
ஒரு வருஷமும் அது
சொன்ன தேதிக்கு வந்ததில்லை.

பிறகுதான்
திறப்பதை விட்டுக் கேட்கத் தொடங்கினேன்.
கேட்பதற்கான சொற்கள் பைத்தானுக்குள்ளேயே இருக்கின்றன,
வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம்.

இருக்கிறாயா? ஆம்.
ஃபைலா? இல்லை.
ஃபோல்டரா? இல்லை.
வேறெங்கோ கைகாட்டும் லிங்கா? இல்லை.
எடை? பூஜ்யம்.
கேள்வி தீரப்போகிற நேரத்தில்
பைப்பா என்றேன்.
ஆம்.

பைப்.
அந்த முனையில் யாராவது எழுதினால்
இந்த முனையில் படிக்கலாம்.
எழுத ஆள் வரும்வரை
திறக்கப் போனவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த
ஒப்பந்த ஊழியர் சகாயராணி வைத்தது.
நோட்டின் பின்னட்டையில் பென்சிலால் இருக்கிறது:
'39 மட்டும் மதகில் சென்சார்.
தண்ணி தொட்டா எழுதும்.'
மற்ற நாற்பதும் லஸ்கர்கள் போனில் சொல்லச் சொல்ல
நான் தட்டியவை.

பக்கிரிசாமியை எழுப்பினேன்.
"சென்சார் நல்லாத்தாம்மா இருக்கு.
நேத்துதான் சிலந்திக்கூட்டத் துடச்சுவிட்டேன்.
தண்ணி வரல, அது என்ன பண்ணும்?"

உதவிப் பொறியாளர் குறுஞ்செய்தியில் சொன்னார்:
ஃபைல் இல்லையென்றால் தவிர்த்துவிடு, ஒரு வரிதானே.
ஒரு வரிதான்.
இன்னொரு சன்னலில் எழுதி ஓட்டினேன்.
இரண்டு நொடியில் நாற்பத்தொன்று வரை முடிந்து
கீழே சராசரியும் வந்துவிட்டது,
போன வாரத்தைவிட நல்ல சராசரி.

அழித்துவிட்ட ஃபைலைக் கேட்டாலும்
அந்த வரி இல்லை என்கும்.
அறுந்துபோன லிங்கைக் கேட்டாலும் இல்லை.
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு
நாற்றங்கால் காயக் காய நிற்கிற ஒன்றைக் கேட்டாலும்
அதே இல்லை,
அதே குரலில்.

வரியை எடுத்துவிட்டு இரண்டு வரி எழுதினேன்.
பைப் என்றால் திறக்காதே.
தாண்டியும் போகாதே, கட்டத்தில் எழுது:
காத்திருக்கிறது.

காலையில் அட்டவணையைப் பார்த்த பொறியாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மட்டம்ங்கிற பத்தியில எண்தாம்மா வரணும்.
சொல் வந்தா கலெக்டர் ஆபீஸ் ஷீட் ஏத்துக்காது."
அங்கேயும் யாரோ
வகை பார்க்கிற ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

பூஜ்யம் என்று அவரே மாற்றிக்கொண்டார்.
எண் என்பதால் ஏற்றுக்கொண்டது.

நேற்றிரவு நின்ற நிரலை
நான் இன்னும் நிறுத்தவில்லை.
மூன்றாவது சன்னலின் அடியில் கிடக்கிறது,
முப்பத்தொன்பதின் வாசலில்.
மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது
கணினியை அணைக்காதீர்கள் என்று
ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனேன்.